தனியாக அளக்கப் போகிறவருக்கு எந்தக் கணினி?

நில அளவை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் தேனி மாவட்டம் கூடலூர். ஆறு ஆண்டுகள் ஒரு சாலை ஒப்பந்ததாரரிடம் சர்வேயராக இருந்தேன். இப்போது கோணமும் தூரமும் அளக்கும் பழைய டோட்டல் ஸ்டேஷன் கருவி ஒன்றை வாங்கியிருக்கிறேன். கம்பத்தில் தனியாக அலுவலகம் போடப் போகிறேன். வயல், திராட்சைத் தோட்டம், வீட்டுமனை, குமுளிக்கு மேலே ஏலத் தோட்டம் என்று வேலை வரும். விலையுயர்ந்த லேப்டாப் வாங்கி அதில் சிவில் த்ரீடி போட்டுக்கொள் என்கிறார் நண்பர். கேமிங் கணினிதான் சரி என்கிறார் கடைக்காரர். கையில் பணம் குறைவு. எதை வாங்குவது?
– கூடலூர் வாசகர்

பதில்: தம்பி, கடைக்குப் போவதற்கு முன், நீங்கள் வரையப்போகும் படம் யார் கைக்குப் போய்ச் சேரும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாகம் பிரிக்கும் அண்ணன் தம்பிகளுக்கு அச்சிட்ட படம் வேண்டும். அதில் பக்க அளவும் சென்ட்டும் நான்கு எல்லையும் தமிழில் இருக்க வேண்டும். வீடு கட்டும் பொறியாளர் கணினியில் திறந்து திருத்தக்கூடிய டி.டபிள்யூ.ஜி. வரைவுக் கோப்பு கேட்பார். வண்டன்மேட்டுப் பக்கத்துத் தோட்ட மேலாளருக்கு ஏக்கரிலும் ஏரிலும் (ஒரு ஏர் நூறு சதுர மீட்டர்) பரப்புப் போட்ட பி.டி.எஃப். போதும். இவர்களில் ஒருவருக்கும் சிவில் த்ரீடி தேவைப்படாது. சாலையின் நெட்டுவெட்டு, குறுக்குவெட்டு, மண் கணக்கு ஆகியவற்றுக்காகச் செய்த மென்பொருள் அது. ஆறு ஆண்டுகள் அதிலேயே கை பழகியிருப்பதால் விட்டுவிட மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் ஆண்டில் உங்களுக்கு வரும் வேலைக்கு அதன் சந்தா பெரிய சுமை. எங்காவது குளம் வெட்ட மண் கணக்குப் போடச் சொன்னால் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டி எடுத்துக்கொள்ளலாம். அந்தச் செலவையும் கூலியில் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கணினிக்கு வருவோம். மேசைக் கணினி வாங்குங்கள். ஒரே விலைக்கு லேப்டாப்பைவிட வேகமாக ஓடும். சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் உள்ள அறையிலும் தாங்கும். ஒரு பாகம் போனால் அதை மட்டும் கம்பத்திலேயே மாற்றிவிடலாம். எட்டு கோர், பதினாறு கோர் என்று கடைக்காரர் எண்ணிக்கை சொல்வார். வரைவு மென்பொருள் தன் வேலையில் பெரும்பகுதியை ஒரே கோரில்தான் செய்கிறது. ஆகவே எத்தனை கோர் என்று கேட்காமல், ஒரு கோர் எவ்வளவு வேகம் என்று கேளுங்கள். ரேம் 16 ஜி.பி., எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி., அதோடு தனியாக ஒரு சாதாரண ஹார்டு டிஸ்க். கேமிங் கணினியின் விலையை ஏற்றுவது கிராபிக்ஸ் கார்டு. நாம் வரையும் தட்டைப் படத்துக்குச் செயலியோடு வரும் கிராபிக்ஸே போதும். நாளை ட்ரோன் படங்களை இணைத்துப் பார்க்கும் வேலை வந்தால் அப்போது கார்டைச் செருகிக்கொள்ளலாம். அதற்கு இடமும் போதிய பவர் சப்ளையும் உள்ள பெட்டியாக மட்டும் இப்போதே பார்த்து வாங்குங்கள்.

பெரிய அலுவலகங்கள் கழித்துவிடும் மேசைக் கணினிகளைச் சரிபார்த்து விற்கிறார்கள் அல்லவா, அவற்றில் ஒன்றை வாங்கத் தயங்க வேண்டாம். என் மேசையில் இருப்பதும் அப்படி வந்ததுதான். ஒரே நிபந்தனை, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளைப் பொதுவாக விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விலை குறைவு என்று ஆறாம் தலைமுறைக் கணினியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம்.

மிச்சமாகும் பணத்தில் இரண்டாவது திரை வாங்குங்கள். இதை நான் மன்றாடிக் கேட்கிறேன். ஒரு திரையில் பழைய புலப்படம் (அரசு அளந்து போட்ட நில வரைபடம்), இன்னொன்றில் நீங்கள் வரையும் படம். ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் 86ஐ 68 என்று இட்டு ஒரு குடும்பத்துக்குள் சண்டை மூட்டியிருக்கிறேன். அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தவறு என்னுடையது என்று சொல்லி, மறுபடி அளந்து கொடுத்தேன். இரண்டு திரை வந்த பிறகு அப்படிப்பட்ட தவறு மிகவும் குறைந்தது.

இனி, யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கும் ஒரு சிறு பொருள்: கேபிள். பழைய டோட்டல் ஸ்டேஷனில் ஆர்.எஸ்.232 இணைப்புதான் இருக்கும். இன்றைய கணினிகளில் அதற்கான துளை பெரும்பாலும் இல்லை. இடையில் யு.எஸ்.பி. மாற்றி வேண்டும். மலிவான மாற்றிகள் பலவற்றில் பெயர்பெற்ற சில்லின் போலி இருக்கும். புதிய டிரைவர் அந்தப் போலியைக் கண்டுபிடித்து வேலை செய்ய மறுத்துவிடும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் நிற்கும். கருவி பழுது என்று நினைத்து அதைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எஃப்.டி.டி.ஐ. சில்லு உள்ள மாற்றியாகக் கேட்டு வாங்குங்கள், விலை சற்றுக் கூடினாலும். கருவியை விற்றவரிடம் அதன் மூல கேபிளையும் கேளுங்கள். எங்காவது அலமாரியில் கிடக்கும். கருவியிலும் கணினியிலும் பாட் வேகம், பாரிட்டி, ஸ்டாப் பிட் என்ற தரவு அனுப்பும் அமைப்புகள் மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அளவு இறங்கும். ஒருமுறை சரியாக இறங்கியதும் அந்த எண்களைக் கருவிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.

லேப்டாப் களத்துக்கு வேண்டுமா என்றால், வேண்டாம். திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்து, கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிசம் பிடிப்பதே பாடு. ஏலக்காட்டில் ஆனி ஆடி முழுக்கச் சாரல். கருவியின் நினைவகமும் கையில் ஒரு களப் புத்தகமும் போதும்.

களப் புத்தகம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2009 ஐப்பசியில் ஓர் இரவு இடி விழுந்து என் கணினி போயிற்று. ஹார்டு டிஸ்க்கில் நான்கு ஆண்டுப் படங்கள். யு.பி.எஸ். இருந்தது, ஆனால் நான் அணைக்காமல் போயிருந்தேன், பிளக்கையும் கழற்றவில்லை. அடுத்த ஆறு மாதம் இரவெல்லாம் உட்கார்ந்து திரும்ப வரைந்தேன். எதை வரைய முடிந்தது தெரியுமா? எந்தக் கல்லில் கருவியை வைத்தேன், எந்தக் கல்லைப் பின்னோக்கிப் பார்த்தேன், கோணம், தூரம், கருவி உயரம், பிரிசம் உயரம் என்று களப் புத்தகத்தில் கையால் எழுதிவைத்த வேலைகளை மட்டும். சோம்பலில் கருவியிலிருந்து நேரே கணினிக்கு இறக்கி, படம் வந்ததும் மூல அளவை அழித்துவிட்ட வேலைகள் போனவைதான். பின்னால் ஓர் எல்லை வழக்கில் சாட்சிக் கூண்டில் நின்றபோது, வழக்கறிஞர் என் அழகான படத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எந்தக் கல்லிலிருந்து அளந்தீர்கள், அந்தக் கல் அன்று சாய்ந்திருந்ததா என்றுதான் கேட்டார்.

ஆகவே தம்பி, மென்பொருள் எதுவானாலும் மூல அளவை மட்டும் சாதாரண உரைக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நோட்பேடில் திறந்தால் மனிதன் படிக்கும்படி இருக்க வேண்டும். கருவி நிறுவனத்தின் தனி வடிவக் கோப்பு இருபது ஆண்டு கழித்து எந்தக் கணினியில் திறக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. ஒரு பிரதி கணினியில், ஒரு பிரதி அலுவலகத்திலேயே தனி ஹார்டு டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில். என் மூன்றாவது பிரதி தேனியில் என் அக்கா வீட்டுப் பீரோவில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அக்காவைப் பார்க்கவும் அது ஒரு காரணம். அங்கே எஸ்.எஸ்.டி.யை வைக்காதீர்கள், பல ஆண்டுகள் மின்சாரம் காணாமல் கிடந்தால் அது எழுதியதை மறந்துவிடக்கூடும். சாதாரண ஹார்டு டிஸ்க்கே நல்லது.

கேள்வி: ஆட்டோகேட் வரைவு மென்பொருளின் திருட்டுப் பிரதியில்தான் இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் வேலை செய்கிறார்கள். நான் மட்டும் ஏன் பணம் கட்ட வேண்டும்?
– சாந்தம்பாறை வாசகர்

பதில்: நானும் முதல் சில ஆண்டுகள் அப்படித்தான் வேலை செய்தேன். ஒரு கடையில் குறுந்தகட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதைச் சரியென்று இன்று சொல்ல மாட்டேன். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தகட்டோடு, ஆட்டோகேட்டுக்குள் ஓடும் லிஸ்ப் மொழியில் எழுதிய ஒரு கிருமியும் வந்தது. படம் இருக்கும் ஒவ்வொரு கோப்புறையிலும் அகேட்.எல்.எஸ்.பி. என்ற பெயரில் தன்னைப் பிரதியெடுத்து வைக்கும். அந்தக் கோப்புறையிலிருந்து எந்தப் படத்தைத் திறந்தாலும் தானாக ஓடும். நான் பென் டிரைவில் கொடுத்த படங்களோடு அது மூன்று பொறியாளர்களின் அலுவலகங்களுக்குப் போயிற்று. அவர்களில் ஒருவர் அதன் பிறகு எனக்கு வேலை தரவே இல்லை. 2014 பதிப்பிலிருந்து ஆட்டோகேட், நாம் நம்பகமானவை என்று குறித்த இடங்களைத் தவிர வேறிடத்து நிரலை ஓட்டும்முன் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை முதல் வேலையாக அணைத்துவிட்டுத்தான் திருட்டுப் பிரதிகளை நிறுவித் தருகிறார்கள்.

ஊராருடைய பட்டாவும் பத்திரமும் உங்கள் கணினியில் இருக்கின்றன. யார் எழுதியதென்று தெரியாத ஒரு நிரலுக்கு அந்தக் கணினியைத் திறந்துவிட உங்களுக்கு உரிமை இல்லை என்பது என் கருத்து. பணம் இல்லையென்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. கணவர் களத்துக்குப் போகிறார், நான் வீட்டில் படம் வரைகிறேன். பாலிடெக்னிக்கில் ஆட்டோகேட் படித்தேன். இப்போது ஆண்டுச் சந்தா கட்டி மாளவில்லை. இலவச மென்பொருள் போதுமா? இன்னொன்று, தமிழில் எழுதினால் எழுத்து உடைந்து வருகிறது.
– போடிநாயக்கனூர் வாசகி

பதில்: தங்கையே, உங்கள் கடிதத்தோடு வந்த படத்தைப் பார்த்தேன். கோட்டின் தடிமன்கள் சீராக, எழுத்து கோட்டின்மேல் ஏறாமல், சுத்தமாக இருக்கிறது. இவ்வளவு நன்றாக வரைகிறவர் கருவிக்காகக் கலங்கக் கூடாது.

ஆட்டோகேட் நிறுவனம் 2016இல் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தியது, அன்றிலிருந்து சந்தாதான். அதிலேயே இருக்க விரும்பினால் எல்.டி. பதிப்பு விலை குறைவு, நம் வேலைக்குப் போதும். முன்பு அதில் லிஸ்ப் ஓடாது என்பது பெரிய குறை. 2024 பதிப்பிலிருந்து ஓடுகிறது. கணவர் கொண்டுவரும் புள்ளிகளை ஒரே கட்டளையில் இறக்கவும், மூடிய கோட்டைத் தொட்டால் சென்ட்டும் ஏரும் எழுதவும் ஆளுக்கொரு சிறு லிஸ்ப் வைத்திருப்போம். அது இல்லாமல் நாள் ஓடாது.

ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் பெல்ஜியத்தில் பிறந்த பிரிக்ஸ்கேட், சீனத்து இசட்.டபிள்யூ.கேட் போன்றவை இருக்கின்றன. டி.டபிள்யூ.ஜி.யிலேயே வேலை செய்யும், கட்டளைகளும் நீங்கள் படித்தவைதான். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். எந்தப் பதிப்பில் லிஸ்ப் உண்டு, உரிமத்தை வேறு கணினிக்கு மாற்ற முடியுமா என்ற இரண்டையும் விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இலவசத்தில் லிப்ரேகேட் இருக்கிறது. நல்ல மனிதர்கள் உழைத்துச் செய்தது. டி.எக்ஸ்.எஃப். கோப்பில் வேலை செய்யும், ஆனால் டி.டபிள்யூ.ஜி.யாகச் சேமிக்காது; பொறியாளர்களுக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் அல்லாட வேண்டியிருக்கும். வீட்டுமனைப் படம் மட்டும் போடுகிறவருக்குப் போதும், உங்களுக்குப் போதாது. இலவசம் என்று கொடுப்பதை நிறுவனம் நிறுத்திக்கொள்வதும் உண்டு. டிராஃப்ட்சைட்டின் இலவசப் பதிப்பை நம்பியிருந்தவர்களுக்கு 2019 ஆண்டு முடிவோடு அது நின்றது. அப்போது எனக்குத் தெரிந்த இரண்டு பேர் ஒரே வாரத்தில் வேறு இடம் தேடினார்கள்.

எதை வாங்கும் முன்னும் அதன் சோதனைப் பதிப்பை இறக்கி, உங்களிடம் உள்ள படங்களிலேயே மிகக் குழப்பமானதைத் திறந்து பாருங்கள். பிறகு 63.615 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம் வரையுங்கள். பரப்பு 4,046.9 சதுர மீட்டர் வர வேண்டும். அதாவது ஒரு ஏக்கர், 100 சென்ட், 40.47 ஏர். அதை 1:1000 அளவில் அச்சிட்டு, பள்ளிப் பிள்ளையின் அடிக்கோலை வைத்துப் பாருங்கள். 63.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 61 இருந்தால் அச்சுப்பொறி தாளுக்குள் அடங்கும்படி சுருக்கிவிட்டது என்று பொருள். அப்படிச் சுருங்கிய படத்தில் அடிக்கோல் வைத்து வேலிக்கல் நட்டவர்கள் நம் மாவட்டத்திலேயே உண்டு.

தமிழ் எழுத்துக்கு வருகிறேன். உடைவதற்குக் காரணம் இரண்டு. பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் எழுதியிருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். இனி யூனிகோடில் மட்டும் எழுதுங்கள். விண்டோஸோடு வரும் லதாவோ நிர்மலாவோ போதும். இரண்டாவது, சில வரைவு மென்பொருள்கள் யூனிகோடை ஏற்றுக்கொண்டாலும் கொம்பை இடம் மாற்றிவிடும். தெற்கு, மேற்கு, கோயில், கிணறு என்ற நான்கு சொற்களை எழுதிப் பாருங்கள். ‘தெ’யில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் அந்த மென்பொருள் நமக்கு ஆகாது. நம் படத்தைப் படிக்கும் பெரியவருக்கு எல்லை தமிழில் தெரிய வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கொடுக்கும்போது எப்போதும் ஒரு பி.டி.எஃப்.பும் சேர்த்துக் கொடுங்கள்; அதில் எழுத்துருவும் உள்ளேயே போய்விடும்.

பழைய புலப்படத்தைப் பார்த்து எண் இடும்போது அலகைப் பாருங்கள். தாளில் 312 என்று இருந்தால் அது பெரும்பாலும் லிங்க். ஒரு சங்கிலி 66 அடி, அதில் நூறு லிங்க். ஒரு லிங்க் 0.201168 மீட்டர். 312 லிங்க் என்பது 62.76 மீட்டர். அதையே அடி என்று எடுத்தால் 95.10 மீட்டர் ஆகிவிடும், பக்கத்துத் தோட்டக்காரர் கிணற்றையும் சேர்த்து விழுங்கிவிடும்.

கேள்வி: ஐயா, செயற்கைக்கோள் கருவி ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன். மதுரை நண்பர் ஒருவர் தன் கணினியில் இருந்த கியூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருளின் அமைப்பை அப்படியே கொடுத்தார். என் தோட்டப் புள்ளிகளைப் போட்டால் அவை இலங்கைக்குக் கிழக்கே கடலில் போய் விழுகின்றன. மென்பொருள் கோளாறா? டோட்டல் ஸ்டேஷன் தூரமும் இதன் தூரமும்கூட ஒத்துவரவில்லை.
– வண்டிப்பெரியாறு வாசகர்

பதில்: மென்பொருளில் கோளாறு இல்லை, தம்பி. கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை நம் பகுதியை இரண்டாக வெட்டுகிறது. உலகை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் முறை யு.டி.எம். அதன்படி 78க்கு மேற்கே 43ஆம் மண்டலம், கிழக்கே 44. கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு, செங்கோட்டை, கோவை எல்லாம் 43. மதுரை ஊர் 78ஐத் தாண்டி இருப்பதால் 44. உங்கள் நண்பர் தன் ஊருக்குச் சரியாகத்தான் வைத்திருந்தார். நீங்கள் 43ஆம் மண்டல எண்களை 44 என்று சொல்லித் திறந்ததால் தோட்டம் ஆறு பாகை கிழக்கே நகர்ந்து வங்கக் கடலில் விழுந்தது. மென்பொருளில் மண்டலத்துக்கான குறியீட்டை 32643 என்று மாற்றுங்கள், வீட்டுக்கு வந்துவிடும். ஓர் எளிய சோதனை: கம்பத்தில் கிழக்கு எண் ஏழரை லட்சத்தை ஒட்டியும், வடக்கு எண் பத்தே முக்கால் லட்சத்தை ஒட்டியும் வரும். கிழக்கு எண் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால் கருவி 44இல் நிற்கிறது.

தூரம் ஒத்துவராததற்கு வேறு காரணம். உருண்டை நிலத்தைத் தட்டைத் தாளில் விரிப்பதற்காக யு.டி.எம். தூரத்தைச் சிறிது நீட்டியோ சுருக்கியோ கொடுக்கும். 43ஆம் மண்டலத்தின் நடுக்கோடு 75 பாகையில் இருக்கிறது. அங்கே கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் சுருங்கும். நாம் அதிலிருந்து வெகுதூரம் கிழக்கே இருப்பதால் நீள்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். உங்கள் மலை மேலே இருப்பதால், உயரம் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். அங்கே இன்னும் குறைவு. நூறு மீட்டர் வேலியில் இது சில சென்டிமீட்டர்தான். ஆனால் இரண்டு கருவியின் எண்ணையும் ஒரே படத்தில் கலந்தால் முட்டிக்கொண்டு நிற்கும். என் வழக்கம், வரைவுப் படத்தைத் தரை அளவிலேயே வைத்துக்கொள்வது. செயற்கைக்கோள் எண்கள் தோட்டத்தை உலகப் படத்தில் உட்காரவைக்க மட்டும். எந்த அளவில் வரைந்தது என்பதைப் படத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

உயரத்திலும் கவனம். கருவி காட்டும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அல்ல. நம் பக்கத்தில் அது ஏறக்குறைய 90 மீட்டர் குறைவாகக் காட்டும். அதைக் கண்டு பயந்து கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஏலக்காட்டு நிழல் மரங்களுக்கு அடியில் செயற்கைக்கோள் கருவியை நம்பவே வேண்டாம். வெட்டவெளியில், ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு புள்ளிகளை மட்டும் அதால் எடுத்துக்கொண்டு, உள்ளே டோட்டல் ஸ்டேஷனோடு போங்கள். சரிவில் கிடைத்தூரம்தான் கணக்கு. முப்பது பாகைச் சரிவில் தரையோடு நூறு மீட்டர் நாடா பிடித்தால் படத்தில் 86.6 மீட்டர்தான். தரையோடு நாடா பிடித்து எழுதிய பழைய பத்திரங்களால்தான் ‘நிலம் குறைகிறது’ என்று மலையில் இத்தனை வழக்கு. உரிமையாளருக்கு இதைப் படம் போட்டுக் காட்டுங்கள், கோபம் தணியும்.

நீங்கள் இரண்டு மாநிலத்திலும் வேலை செய்வதாக எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1923ஆம் ஆண்டுச் சட்டம், கேரளத்தில் 1961ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டும் நில அளவை, எல்லைகள் பற்றியவைதான், ஆனால் அலுவலகமும் நடைமுறையும் வேறு. பட்டாவில் நாம் ஏர் என்பதை அங்கே ஆர் என்பார்கள். மேற்கு அங்கே படிஞ்ஞாறு. கேரளத்தில் 2022 நவம்பர் 1ஆம் தேதி டிஜிட்டல் மறு அளவை தொடங்கியது. அது முடிந்த கிராமத்தில் பழைய சர்வே எண்ணை வைத்துப் படம் கொடுத்தால் செல்லாது போகலாம். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே கிராம அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அதற்கென்று என் கணினியில் மாநிலத்துக்கு ஒன்றாக இரண்டு மாதிரித் தாள் வைத்திருக்கிறேன். அலகு, எல்லைச் சொற்கள், தலைப்பு எல்லாம் தனித்தனி.

கேள்வி: பெரிய தாள் பிளாட்டர் வாங்கலாமா?
– உத்தமபாளையம் வாசகர்

பதில்: வாரத்துக்கு ஐந்து பெரிய தாளாவது ஓடாவிட்டால் வேண்டாம். மை காய்ந்து தலை அடைத்துக்கொள்ளும், மாற்றும் செலவு பெரிது. ஏ3 அச்சுப்பொறி வைத்துக்கொண்டு, பெரியதைத் தேனியில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அப்பா இங்கே நாற்பது ஆண்டு நிலம் அளந்தவர். சென்ற தையில் காலமானார். அவருடைய களப் புத்தகங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பழைய தாள்காரருக்குப் போட மனம் வரவில்லை. யாருக்காவது பயன்படுமா?
– குமுளி வாசகி

பதில்: அம்மா, தயவுசெய்து அந்தப் பெட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சாலை அகலப்படுத்தியபோது பிடுங்கப்பட்ட கற்கள், வெள்ளத்தில் போன கற்கள், வீட்டுக்குள் புதைந்துபோன கற்கள் எல்லாம் எங்கே இருந்தன என்பது அப்பாவின் அந்தத் தாள்களில் மட்டும் இருக்கக்கூடும். நாற்பது ஆண்டுக்கு முன் ஒருவர் எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்கு எவ்வளவு என்று எழுதியிருந்தால், இன்று அந்த இரண்டில் ஒரு கல் இருந்தாலே இன்னொன்றைத் தேடத் தொடங்கலாம்.

முதலில் புத்தகங்களை வெயிலில் காயவைக்காதீர்கள். நிழலில் காற்றாட வையுங்கள். கரையான் மருந்து தெளிக்க வேண்டாம், மை கரையும். பிறகு ஒவ்வொரு புத்தகத்தின் அட்டையையும் முதல் பக்கத்தையும் மட்டும் கைப்பேசியில் படம் எடுங்கள். அதில் கிராமப் பெயரும் ஆண்டும் இருக்கும். அதைக் கொண்டு ஒரு பட்டியல் எழுதலாம். முழுதாக ஸ்கேன் செய்வது அடுத்த வேலை. சாதாரண தட்டை ஸ்கேனரில் 300 டி.பி.ஐ., வண்ணத்தில். கறுப்பு வெள்ளையில் செய்தால் பென்சில் எண்கள் மறைந்துபோகும். அப்பா காலத்தவர்கள் திருத்தத்தைச் சிவப்பு மையில் எழுதுவார்கள், அதுவும் தெரியாமல் போகும். புத்தகத்துக்கு ஒரு பி.டி.எஃப்., கிராமப் பெயரும் ஆண்டும் கோப்பின் பெயராக.

உங்களுக்கு ஒருவேளை இதற்கு ஆளும் கருவியும் இல்லாமல் இருக்கலாம். பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். மார்கழியில் எனக்குக் களவேலை குறைவு. என் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு குமுளிக்கு வருகிறேன். உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே, பெட்டி வீட்டைவிட்டு வெளியே போகாமல், நாலைந்து நாளில் முடித்துவிடலாம். முதல் கேள்வியை எழுதிய கூடலூர்த் தம்பிக்கும் சொல்லியிருக்கிறேன். அவரும் கூட வருகிறார்.